இறங்க மறுத்த விமானி

குறித்த இடத்தைக் குறித்த வேளையில் சென்றடைவதே பயணத்தின் பயன் என்பது உலகோர் கருத்து. இடையில் வேறோர் ஊர் குறுக்கிட்டால் மனம் சலிக்கிறது. பேருந்தில் சென்றாலும் இரயிலில் சென்றாலும் அந்தச் சலிப்பு உண்டு. விமானப் பயணத்திலோ அது சினமாகவே மாறிவிடுகிறது. காலத்தை மிச்சப்படுத்துவதற்காகவே மிகுதியான கட்டணம் கொடுத்தவர்கள், அந்தக் காலமே வீணாகும்போது பொறுமை இழப்பது இயல்புதான்.

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் ஒரு விமானத்தை மனக்கண்ணால் காணலாம். பிற்பகல் மூன்று மணிக்கு அது சிப்பாங்கில் இறங்க வேண்டும். பருவக்காற்று மாறும் ஏப்ரல் திங்கள். அத்தகைய நாள்களில் காலை வெயில் சுட்டெரிப்பதும், பிற்பகலில் கருமேகம் திரண்டு இடியும் மின்னலுமாக மழை கொட்டுவதும் மேற்குக் கரையோர மக்கள் நன்கறிந்தவை. விமானம் வானில் ஒரு வட்டமிடுகிறது, மற்றொரு வட்டமிடுகிறது. ஒருமுறை கீழிறங்கி வந்து, தரையைத் தொடாமலேயே பேரிரைச்சலுடன் மீண்டும் மேலேறுகிறது. பின்னர்த் தலைமை விமானியின் குரல் ஒலிக்கிறது: வானிலை சீராக இல்லை; விமானம் பினாங்கிற்குச் செல்கிறது; சிரமத்திற்கு வருந்துகிறோம்.

உடனே முணுமுணுப்பு எழுகிறது. “மழைக்கே பயந்தால் விமானம் ஓட்டுவானேன்?” என்கிறார் ஒருவர். “முன்னால் போன விமானம் இறங்கிவிட்டதே!” என்கிறார் இன்னொருவர். வாணிகம் பேச வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கைக்குழந்தையுடன் வந்த தாய் பால்மாவு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பையைத் துழாவுகிறார். இவர்களுக்கிடையே, சன்னலோர இருக்கையில், ஒன்றும் பேசாமல் ஒரு பெண்மணி அமர்ந்திருக்கக்கூடும். தமிழகத்திற்குத் தல யாத்திரை சென்றிருந்த அவருக்கு, கிள்ளானில் தாய் மறைந்த செய்தி முந்திய இரவுதான் எட்டியது. மாலை ஐந்து மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மணிக்கு இறங்கினால் தாயின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம். பினாங்கிற்குப் போய்த் திரும்பினால் அதற்கு வழியில்லை.

இந்தப் பெண்மணியை எண்ணாமல் விமானியின் முடிவை நியாயப்படுத்துவது எளிது. அவரை எண்ணியும் அம்முடிவு நியாயமாகுமா என்பதே கேள்வி. வாணிகம் மறுநாள் நடக்கலாம். பால்மாவு பினாங்கிலும் கிடைக்கும். தாயின் முகம் மறுமுறை கிடைப்பதில்லை. ஆகவே விமானியின் இருக்கைக்கு முன்னுள்ள கணக்கை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது கடமையாகிறது.

முதற்கண் ஓர் உண்மை. விமானம் பினாங்கிற்குச் செல்லக்கூடும் என்பது அந்த நேரத்துப் பதற்றத்தில் பிறந்த எண்ணமன்று. சென்னையில் சக்கரம் உருளுமுன்பே, சிப்பாங்கில் இறங்க முடியாவிட்டால் எங்கே செல்வது என்று பயணத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். அதற்கேற்ப எரிபொருளும் நிரப்பப்பட்டிருக்கும். செல்லும் ஊர்வரைக்கும் ஓர் அளவு. எதிர்பாராச் செலவுக்கென ஓர் அளவு. அங்கிருந்து மாற்று நிலையத்திற்குச் செல்ல ஓர் அளவு. அதற்கும் மேலாக, ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் 30 நிமிடம் பறப்பதற்குரிய இறுதிச் சேமிப்பு. இந்த இறுதிச் சேமிப்பில் கைவைக்க நேர்ந்தால், ஆபத்து நிலையை அறிவித்தே தீர வேண்டும் என்பது பன்னாட்டு விதி. எனவே வானில் வட்டமிடும் ஒவ்வொரு நிமிடமும் மாற்று நிலையத்திற்கான பங்கை நோக்கி எரிபொருள் குறைந்துகொண்டே வருகிறது. பயணிகளுக்கு அது வீண் காத்திருப்பு. விமானிக்கோ அது தேய்ந்துகொண்டிருக்கும் கைப்பொருள்.

இரண்டாவது, இறங்கும் முறை. கருவிகளின் துணையால் வழக்கமான முறையில் இறங்கும் விமானம், தரையிலிருந்து 200 அடி உயரத்தை எட்டும்போது விமானியின் கண்ணுக்கு ஓடுபாதையோ அதன் வழிகாட்டி விளக்குகளோ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த நொடியே மேலேற வேண்டும். அந்த உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 15 விநாடிகளே உள்ளன. விமானமோ மணிக்கு 250 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. “இன்னும் சற்றுக் கீழே போனால் தெரியும்” என்ற ஆசைக்கு அங்கே இடமில்லை. மழைநீர் தேங்கிய பாதையில் சக்கரங்கள் தரையைப் பற்றாமல் நீர்ப்படலத்தின்மேல் வழுக்கிச் செல்லும் இடரும் உண்டு.

மூன்றாவது, காற்று. மழையைக் கண்ணால் காணலாம். காற்றைக் காண இயலாது. இடிமேகத்தின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று சில வேளைகளில் அருவிபோல் நேர்கீழாகப் பாய்ந்து, தரையில் மோதி, எல்லாப் பக்கமும் சிதறி ஓடும். அதனுள் நுழையும் விமானத்தை முதலில் எதிர்காற்று தூக்கிக் கொடுக்கும். விமானம் உயர்கிறதே என்று விமானி விசையைக் குறைக்கக்கூடும். அடுத்த சில நொடிகளில் மேலிருந்து பாயும் காற்று அழுத்தும். அதையும் கடந்தால் பின்னாலிருந்து வீசும் காற்று இறக்கைகளின் தாங்குவலிமையைப் பறித்துவிடும். உயரத்தில் பறக்கும் விமானத்திற்கு இதிலிருந்து மீள இடமுண்டு. தரையை நெருங்கிய விமானத்திற்கு அந்த இடமும் இல்லை, நேரமும் இல்லை. இந்தக் காற்றுப் பாய்ச்சல் சில கிலோமீட்டர் அகலத்தில் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆகவே, முன்னால் சென்ற விமானம் பத்திரமாக இறங்கியது என்பது பின்னால் வரும் விமானத்திற்கு உறுதிமொழி ஆகாது.

இந்தக் காற்றின் தன்மையை உலகுக்கு விளக்கியவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தெட்சுயா புஜிதா என்னும் அறிஞர். 1945ஆம் ஆண்டில் அணுகுண்டு வீழ்ந்த பின்னர் நாகசாக்கியையும் ஹிரோஷிமாவையும் நேரில் ஆராய்ந்தவர் அவர். வெடிப்பின் விசையால் மரங்கள் ஒரு மையத்திலிருந்து விண்மீன் கதிர்கள்போல் எல்லாப் பக்கமும் சாய்ந்து கிடந்ததை அவர் அங்கே கண்டார். பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவைத் தாக்கிய பெருஞ்சூறாவளிகளுக்குப் பிறகு, வானிலிருந்து பார்வையிட்டபோது அதே கதிர் வடிவத்தில் மரங்கள் சாய்ந்திருப்பதைக் கண்டார். மேலிருந்து பாய்ந்த காற்றே அதற்குக் காரணம் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அவ்வெண்ணத்தை அவர் விமானங்களோடு இணைத்து ஆராய நேர்ந்தது அடுத்த ஆண்டில்.

1975ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள். நியூயார்க் நகரின் கென்னடி விமான நிலையத்தருகே பிற்பகலில் இடியுடன் கூடிய மழை. சரக்கு விமானம் ஒன்று பெரும் போராட்டத்தோடு இறங்கியது. காற்று திடீரென மாறுகிறது, வேறு ஓடுபாதையைப் பயன்படுத்துங்கள் என்று அதன் விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தை எச்சரித்தார். கோபுரத்துக் கருவியோ ஓடுபாதைக்கு நேரான காற்றையே காட்டியது. ஓடுபாதை மாற்றப்படவில்லை. அடுத்து வந்தது ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 902ஆம் எண் விமானம். காற்று அதைப் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் இழுத்தது. மழையில் முன்னால் எதுவும் தெரியவில்லை. அதன் விமானி இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலேறினார். நேர்ந்ததை வானொலியில் தெரிவித்துவிட்டு, அண்டை மாநிலமான நியூஜெர்சியிலுள்ள நெவார்க் விமான நிலையத்திற்குச் சென்றுவிட்டார்.

அடுத்த சில நிமிடங்களில் அதே நிறுவனத்தின் 66ஆம் எண் விமானம், நியூ ஆர்லியன்ஸிலிருந்து 124 பேரைச் சுமந்துகொண்டு, அதே ஓடுபாதையை நோக்கி வந்தது. முன்னவர் தந்த எச்சரிக்கை அதன் விமானிகளின் காதிலும் விழுந்திருந்தது. ஆயினும் இறங்கலாம் என்றே முயன்றனர். ஓடுபாதைக்கு முன்னுள்ள வழிகாட்டி விளக்குக் கம்பங்களில் மோதி விமானம் சிதறியது. 113 உயிர்கள் மாண்டன. இந்த விபத்தை ஆராய்ந்தபோதுதான் புஜிதா, இடிமேகத்திலிருந்து பாயும் காற்றே விமானத்தை வீழ்த்தியது என்று விளக்கினார். அதன் சிறிய வகைக்குப் பின்னாளில் ‘மைக்ரோபர்ஸ்ட்’ என்ற பெயரும் அமைந்தது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெவார்க்கில் இறக்கிவிடப்பட்ட 902ஆம் விமானத்தின் பயணிகளும் மனிதர்களே. அவர்களை அழைத்துச் செல்ல வந்த உறவினர்கள் கென்னடி நிலையத்தில் காத்திருந்திருப்பார்கள். திட்டங்கள் குலைந்திருக்கும், முணுமுணுப்பும் எழுந்திருக்கும். செய்தி வந்து சேர்ந்த பின்னர் அந்த முணுமுணுப்பு என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விமான வரலாற்றில் இந்த நாளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. திரும்பிச் சென்ற விமானமும் திரும்பாத விமானமும் ஒரே காற்றின் முன், சில நிமிட இடைவெளியில், அருகருகே வைத்துக் காட்டப்பட்டன. மற்ற நாள்களில் அப்படி நேர்வதில்லை. ஒரு விமானம் வேறூருக்குச் சென்றுவிட்டால், சென்றிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் காண்பதில்லை. இழந்த நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. தவிர்த்த இடர் தெரிவதில்லை. விமானி கேட்கும் வசைகளுக்கெல்லாம் மூலம் இதுதான்.

நியூயார்க் தொலைவில் உள்ளது என்று எண்ண வேண்டா. மலேசிய மண்ணும் இந்தப் பாடத்தைக் கண்டதுண்டு. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், ஹாங்காங்கிலிருந்து வந்த ஜப்பானிய விமானமொன்று மோசமான வானிலையில் சுபாங்கை நெருங்கியது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமலேயே, அனுமதிக்கப்பட்ட உயரத்திற்கும் கீழே அது இறங்கியது. விமான நிலையத்தை அடையுமுன் எல்மினா ரப்பர்த் தோட்டத்தின் குன்றில் மோதியது. அதிலிருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். ஆறாண்டுகள் கழித்து, 1983ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து வந்த ஏர்பஸ் விமானம் கடும் மழையில் அதே சுபாங்கின் ஓடுபாதைக்கு முன்பாகவே மரங்களில் மோதி வீழ்ந்தது. விமானம் எரிந்துபோயிற்று, ஆயினும் அதிலிருந்த 247 பேரும் உயிர் தப்பினர். அதை நற்பேறு என்று சொல்லலாம்; நல்ல முடிவு என்று சொல்ல இயலாது. ஊர் கண்ணுக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டது என்ற எண்ணமே இத்தகைய வேளைகளில் பெரும் பகையாகிறது.

இல்லம் அருகில் வந்தவரின் ஆவலை 2020ஆம் ஆண்டின் கோழிக்கோடு விபத்து இன்னும் தெளிவாக உணர்த்துகிறது. ஆகஸ்டு 7ஆம் நாள், நோய்ப் பரவலால் துபாயில் தங்க நேர்ந்தவர்களும் குடும்பங்களும் தாயகம் திரும்பிய விமானம் அது. 190 பேர் இருந்தனர். குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைத்த அந்த ஓடுபாதையில், மழைக்கிடையே முதல்முறை இறங்க முயன்று, முடியாமல் மேலேறினர். அது சரியான செயல். ஆனால் அண்டையிலுள்ள வேறு நிலையத்திற்குச் செல்லாமல், பின்னாலிருந்து காற்று வீசும் திசையில் மறுமுறை முயன்றனர். விமானம் ஓடுபாதையில் வெகுதூரம் கடந்து தரையைத் தொட்டது. பாதையின் எல்லையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். பயணிகள் எல்லாரும் விரும்பியது வீடு செல்வதைத்தான். அந்த விருப்பத்தில் குற்றமில்லை. விருப்பம் எத்துணை நியாயமானதாயினும் காற்று அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

திரும்புவது என்ற முடிவு சரியாக இருந்தால் மட்டும் போதாது; அது உரிய காலத்திலும் அமைய வேண்டும். 1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், கொலம்பியா நாட்டிலிருந்து நியூயார்க் வந்த விமானம், மோசமான வானிலையால் வானில் 77 நிமிடம் காத்திருக்க வைக்கப்பட்டது. அதற்குள் மாற்று நிலையமாகக் குறிக்கப்பட்டிருந்த பாஸ்டனுக்குச் செல்லவும் எரிபொருள் போதாமற்போயிற்று. இறங்கும் முயற்சியும் ஒருமுறை தவறியது. எரிபொருள் முற்றும் தீர்ந்து அவ்விமானம் வீழ்ந்தபோது 158 பேரில் 73 பேர் மாண்டனர். மாற்று வழி என்பது என்றும் திறந்திருக்கும் கதவன்று. உரிய நேரத்தில் நுழையாதவருக்கு அது அடைபட்டுவிடுகிறது.

இத்தனை விபத்துகளும் வீணாகிவிடவில்லை. 1975க்குப் பின்னர் அமெரிக்க நிலையங்களின் சுற்றுப்புறத்தில் காற்றை அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1985ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் டாலஸ் நகரில் இதே காற்று 137 உயிர்களைப் பறித்தது. அதன் பின்னர், இடரை முன்னரே காட்டும் ரேடார்கள் நிலையங்களிலும் விமானங்களிலும் வந்தன. ஆயினும், கருவி எச்சரிக்கலாம். பணிவதோ மறுப்பதோ மனிதன் கையில்தான் உள்ளது. அதனால்தான் பன்னாட்டு விதிகள் இறுதி முடிவைத் தலைமை விமானியிடம் விட்டிருக்கின்றன. வேறூரில் இறங்கினால் விமான நிறுவனத்திற்கும் இழப்புண்டு. எரிபொருள், நிலையக் கட்டணம், பயணிகளின் உணவு, சில வேளைகளில் தங்கும் விடுதி எனச் செலவு வளரும். பணியாளரின் வேலை நேர எல்லை கடந்தால் விமானம் மறுநாள்வரை நின்றுவிடவும் கூடும். இவற்றை அறிந்தும் திரும்புபவர் சோம்பலால் திரும்புவதில்லை. இறங்கிவிடுவதே அவருக்கும் எளிது. அவரும் வீடு செல்ல விரும்புபவரே.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைத் தமிழாசிரியர் அறிவர். அரசனை நோக்கி வகுத்த அந்த வரிசை விமானிக்கும் அப்படியே பொருந்துகிறது. செயலின் விளைவை ஆராய வேண்டும். தன் விமானத்தின் வலியையும் காற்றின் வலியையும் எடைபோட வேண்டும். எரிபொருள் காட்டும் காலத்தை அறிய வேண்டும். இறங்கத்தக்க இடம் எது என்று தெளிய வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும், எஞ்சிய மூன்றும் பயன்படாமற்போகும்.

பள்ளிகளில் ‘துணிவு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தால், மாணவர் புயலில் கலம் செலுத்தியவரை எழுதுவர். போர்முனையில் முன்னேறியவரை எழுதுவர். திரும்பி வந்தவரை எழுதும் மாணவர் அரியர். அது மாணவரின் குற்றமன்று. போய்ச் சேர்ந்தவருக்கே மாலை சூட்டிப் பழகிய பெரியோர் கற்பித்தது அது. நூற்றுக்கணக்கானோர் ஒருமுகமாக ‘இறங்கு’ என்று மனத்தால் உந்தும்போது, ஒற்றை மனிதர் ‘இறங்கேன்’ என்று சொல்வதற்கு எத்துணை உரம் வேண்டும் என்பதையும் வகுப்பறையில் பேசலாம். வெள்ளம் பெருகிய ஆற்றங்கரையில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்தைத் திருப்பிவிடும் ஆசிரியரும் இந்த இனத்தவரே. அன்று மாணவர் அவரை வெறுப்பர். வெறுப்பதற்கு அவர்கள் எல்லாரும் நலமாக இருப்பர்.

விமானம் பினாங்கில் இறங்கிவிட்டது. மழை ஓயும்வரை அங்கே நின்று, எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மீண்டும் சிப்பாங் வந்து சேரும்போது இரவு எட்டு மணி ஆகிறது. சன்னலோரத்துப் பெண்மணி பினாங்கிலிருந்தே வீட்டாரை அழைத்துப் பேசினார். மின்சுடலையில் குறித்த நேரத்தை மாற்ற இயலவில்லை. கிள்ளான் வீட்டை அவர் அடைந்தபோது கூடத்தில் தாயின் படத்தின்முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் பலர் சென்றுவிட்டிருந்தார்கள். தங்கை அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவருடைய இழப்பு உண்மையானது. எரிபொருள் கணக்கும் காற்றின் இலக்கணமும் அந்த இழப்பை ஈடுசெய்யா. விமானியும் அதை ஈடுசெய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அப்படி ஒருவர் தம் விமானத்தில் இருந்ததையே அவர் அறியார். அறிந்திருந்தாலும் அவர் வேறு முடிவெடுத்திருக்கக் கூடாது. ஒருவரின் கண்ணீருக்காக எல்லாருடைய உயிரையும் பணயம் வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அந்தப் பெண்மணியின் உயிரும் அவற்றுள் ஒன்று. அன்று இறங்கியிருந்தால் அந்தக் கூடத்தில் இரண்டாவது விளக்கொன்று எரிய நேர்ந்திருக்குமா? அதை எவராலும் சொல்ல இயலாது. அந்தக் கேள்வி அவ்வீட்டில் எழாமலே போயிற்று. விமானி ஆற்றிய பணி அதுவே.